சனிக்கிழமை மேசையை மூடாதீர்கள்: நம் நகரத் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு,

ஜெர்மனிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்குத் தன்னார்வலர்கள் வாரந்தோறும் உட்கார்ந்து வழிகாட்டும் சனிக்கிழமை மேசை வரும் அக்டோபரிலிருந்து நடைபெறாது என்றும், புதிதாக வரும் மாணவர்களுக்கான தொலைபேசி எண் நிறுத்தப்படும் என்றும், அந்த இரண்டு மணி நேரமும் அந்த அறையும் பொங்கல் விழா நடன ஒத்திகைக்கு ஒதுக்கப்பட்டுள்ளன என்றும் சென்ற வாரம் உறுப்பினர்களுக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்தேன். இவ்வளவு பெரிய முடிவுக்கு நீங்கள் தந்திருக்கும் காரணம் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது: கைப்பிடித்தே நடத்திக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளைகள் இந்த நாட்டுக்குப் பழக மாட்டார்கள், நாங்கள் பழகியதுபோல் அவர்களும் தாங்களாகவே பழகட்டும் என்கிறீர்கள். இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 அக்டோபரில் அந்த மேசைக்கு முன்னால் உதவி கேட்டு உட்கார்ந்தவன் நான். 2022 இறுதியிலிருந்து அதன் மறுபக்கத்தில் உட்கார்ந்து வருபவனும் நானே. இரு பக்கமும் தெரிந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். இதைத் திறந்த மடலாக எழுதக் காரணம், இந்த முடிவால் பாதிக்கப்படப்போகிறவர்களில் பெரும்பாலோர் சங்க உறுப்பினர்கள் அல்லர் என்பதுதான். அவர்களுக்கு உங்கள் மின்னஞ்சல் வரவில்லை. பலர் இன்னும் ஊரிலிருந்து கிளம்பவே இல்லை.

நான் இந்த நகரத்துக்கு வந்தபோது ஒரு வீட்டின் உள்வாடகைக்காரனாக ஒரே ஓர் அறையில் இருந்தேன். மாணவர்கள் தங்கள் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்துக் காட்டவேண்டிய முடக்கக் கணக்கில் 10,332 யூரோ இருந்தது; அதிலிருந்து மாதம் 861 யூரோ எடுத்துக்கொள்ளலாம். அப்பா வீட்டை அடமானம் வைத்து எடுத்த கடனில் வந்த பணம் அது. ஆனால் அந்தப் பணம் என் கைக்கு வர இங்குள்ள வங்கியில் நடப்புக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கின் அட்டை ஓர் உறையிலும் இரகசிய எண் இன்னோர் உறையிலும் அஞ்சலில் வர வேண்டும். மூன்று வாரமாகியும் எதுவும் வரவில்லை. வங்கியை அழைத்தால் அனுப்பிவிட்டோம் என்றார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வரவில்லை, வரி அடையாள எண்ணும் வரவில்லை. அறைத் தோழர்களிடம் இருநூறு யூரோ கடன் வாங்கி, அரிசியும் முட்டையுமாக நாள்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மேசைக்குப் போய் என் கதையை நீளமாகச் சொல்லத் தொடங்கியபோது, அங்கே உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து ஐயா இடைமறித்துக் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, தபால் பெட்டியில உம்மட பேர் ஒட்டியிருக்கோ?"

ஒட்டியிருக்கவில்லை. ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்கு நம் ஊரைப்போலக் கதவு எண் எழுதுவது அரிது. அஞ்சல்காரர் பெட்டியில் உள்ள குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். என் கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் திரும்பியிருந்தன. அன்று மாலை ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி ஒட்டினேன். பத்து நாளில் எல்லா உறைகளும் வந்து சேர்ந்தன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேசைக்குப் பதிலாகப் பயனுள்ள இணையதளங்களின் பட்டியல் ஒன்றைப் புதிய மாணவர்களுக்கு அனுப்புவோம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் நல்ல தளங்கள்தாம். பல்கலைக்கழகங்களும் நகராட்சிகளும் ஆங்கிலத்தில்கூடத் தெளிவாக எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் பெட்டியில் பெயர் ஒட்ட வேண்டும் என்றே தெரியாதவன் எதைத் தேடுவான்? அன்று நான் தேடியதெல்லாம் வங்கி அட்டை தாமதமானால் என்ன செய்வது என்றுதான். என் சிக்கல் வங்கியில் இல்லை, வீட்டு வாசலில் இருந்தது. அதைப் பார்க்க, முன்பே அந்த வாசலில் நின்ற ஒருவரின் கண் வேண்டியிருந்தது.

தவறு செய்துதான் பழக வேண்டும் என்று கூட்டங்களில் உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பல விஷயங்களில் அது சரி. கண்ணாடிப் புட்டிகளை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்த் தொட்டியில் போட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேச்சு வாங்கினால் அடுத்த ஞாயிறு போட மாட்டோம். பிளாஸ்டிக் புட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டு, அதற்கு 25 செண்ட் திரும்பக் கிடைத்திருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டால் நட்டம் பெரிதில்லை. இரவு பத்து மணிக்குமேல் மிக்ஸி போட்டால் மேல்வீட்டுக்காரர் தட்டுவார். அதையும் ஒரு முறையில் கற்றுக்கொள்வோம். இவற்றுக்கு மேசை தேவையில்லை என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் முதல் தவறிலேயே ஒரு வருடத்தையோ படிப்பையோ இந்த நாட்டில் இருக்கும் உரிமையையோ பறித்துவிடும் விஷயங்களும் இங்கே உண்டு. அவற்றைத் தவறு செய்து கற்க முடியாது. கற்று முடிக்கும்போது அந்தப் பாடம் பயன்படும் இடத்தில் மாணவர் இருக்க மாட்டார். உங்கள் முடிவு இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்பதே என் முதன்மையான முறையீடு.

நான் நேரில் பார்த்த இரண்டு காய்ச்சல்களைப் பற்றிச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் பெயரைத் தவிர்த்து எழுத அனுமதி தந்திருக்கிறார்கள்.

2023 பிப்ரவரியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்குத் தேர்வு நாள் காலையில் கடும் காய்ச்சல். ஏற்கெனவே ஒரு முறை தவறிய பாடம் அது. ஊரில் கல்லூரியில் படித்தபோது செய்ததைப்போலவே மாத்திரை போட்டுப் படுத்துவிட்டு, பேராசிரியருக்கு மிகப் பணிவாக மின்னஞ்சல் எழுதினான்: உடல்நிலை சரியில்லை, மன்னிக்க வேண்டும், அடுத்த வாய்ப்பு தர வேண்டும் என்று. நம் ஊரில் துறைத் தலைவரை நேரில் பார்த்து, விடுப்புக் கடிதம் கொடுத்து, நிலைமையைச் சொன்னால் ஏதோ ஒரு வழி பிறக்கும். மனிதர் மனது வைத்தால் நடக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்தப் பேராசிரியருக்கு மனது வைக்கும் அதிகாரமே இல்லை. பதிவு செய்த தேர்வுக்கு வராதவர், தேர்வு எழுத இயலாத நிலையில் இருந்தார் என்று அன்றைய தேதியில் மருத்துவர் தந்த சான்றைத் தேர்வு அலுவலகத்தில் காலதாமதமின்றிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 5.0, அதாவது தோல்வி. எங்கள் துறையின் விதிப்படி ஒரு பாடத்துக்கு மூன்றே முயற்சிகள். மூன்றாவதிலும் தோற்றால் படிப்பிலிருந்து நீக்கம். அதன்பின் அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. படிப்புக்காக வழங்கப்பட்ட வசிப்புரிமைக்கும் அடிப்படை போய்விடும். அந்தத் தம்பி மேசைக்கு வந்தபோது இரண்டாம் முயற்சி காற்றில் போய்விட்டிருந்தது. அதே பாடத்தில் தேறிய மூத்த மாணவர் ஒருவரை மேசையில் தேடிப் பிடித்துக் கொடுத்தோம், இருவரும் மூன்று மாதம் சேர்ந்து படித்தார்கள், கோடையில் தேறினான். ஆனால் அந்த மூன்று மாதமும் அவன் தூங்கிய இரவுகள் குறைவு. ஊரில் அம்மாவிடம் அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அதே பருவத்தில், வேறொரு துறையில் படிக்கும் ஒரு பெண் தேர்வு நாள் காலை ஏழு மணிக்கு நீங்கள் இப்போது நிறுத்தப்போகும் எண்ணை அழைத்தாள். அன்று தொலைபேசி என்னிடம் இருந்தது. இன்றே மருத்துவரிடம் போ, நாளை என்று வைக்காதே, தேர்வு இருக்கிறது என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல், துறையின் படிவத்தை அச்செடுத்துக் கையில் கொண்டுபோ என்றேன். நான்கு நிமிடப் பேச்சு. அவள் சான்று வாங்கிக் கொடுத்தாள்; முயற்சி ஒன்றும் குறையாமல் அடுத்த தவணையில் எழுதினாள். காய்ச்சல் ஒன்றுதான், விதி ஒன்றுதான். ஒருவருக்கு எண் தெரிந்திருந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். 2023 டிசம்பரில் ஒரு மாணவனின் தந்தை ஊரில் மாரடைப்பில் காலமானார். அவனுடைய வசிப்பு அனுமதியின் காலம் முடிந்து, நீட்டிப்பு விண்ணப்பம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நிலுவையில் இருந்தது. கையில் இருந்தது இடைக்காலச் சான்று மட்டும். இங்கே மாணவர்கள் ஃபிக்‌ஷன் என்று சுருக்கிச் சொல்லும் பச்சை நிறத் தாள். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று வாட்ஸப் குழுவில் நான்கு பேர் சொல்லியிருந்தார்கள். தந்தையின் முகத்தைப் பார்ப்பதா, பாதிப் படிப்பைக் காப்பாற்றுவதா என்ற நிலையில் அவன் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தான். நம் மேசையில் நெடுங்காலம் இருந்துவரும் அக்கா, தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அந்தத் தாளில் மூன்று கட்டங்கள் உண்டு. எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வசிப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு என்ற கட்டத்தில் குறி இருந்தால் பழைய அனுமதி தொடர்வதாகவே பொருள். வெளியே போய்த் திரும்பி வரலாம். 3ஆம் உட்பிரிவாக இருந்தால் திரும்புவது நடக்காது. அவன் தாளில் குறி 4இல் இருந்தது. கடவுச்சீட்டையும் காலாவதியான அட்டையையும் இந்தத் தாளையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று சொல்லி, மறுநாள் காலை விமானம் ஏற்றிவிட்டோம். அவன் போவதற்குள் தகனம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம்வரை அம்மாவோடு இருந்துவிட்டு ஜனவரியில் திரும்பினான். இந்தக் கட்டங்களைப் பற்றித் தவறு செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று யாரேனும் சொல்வீர்களா?

தாங்களாகவே பழகியவர்கள் என்று உங்களை நீங்கள் சொல்லிக்கொள்வதைப் பற்றியும் மரியாதையோடு சில சொற்கள் எழுத வேண்டியிருக்கிறது. 1980களில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் வந்து அடைக்கலம் கேட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி கேட்க வேண்டிய, வேலை செய்ய விடப்படாத ஆண்டுகளைக் கடந்து, பிள்ளைகளுக்காக வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிகளைக் கட்டி எழுப்பினீர்கள். ஹாம் நகரில் 2002இல் காமாட்சி அம்பாள் கோயில் எழுந்து நிற்கும் அளவுக்கு உங்கள் தலைமுறை இந்த மண்ணில் வேர்பிடித்தது. கடன் வாங்கிப் படிக்க வந்த எங்கள் சிரமத்தை, போருக்குத் தப்பி வந்த உங்கள் சிரமத்தோடு ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. ஆனால் நீங்கள் தனியாகப் பழகவில்லை என்பதை உங்கள் வாயிலிருந்தே கேட்டவன் நான். பெட்டியில் பேர் ஒட்டியிருக்கிறதா என்று என்னைக் கேட்ட அதே ஐயா, ஒரு மார்கழி மாலையில் தேநீர் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார். அவர் தங்கியிருந்த அகதி விடுதிக்குப் புதன்கிழமைதோறும் ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியை ஒருவர் வருவாராம். வந்திருக்கும் அரசுக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்து, பதில் எழுதவேண்டிய கடைசி நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தருவாராம். "மனுசி இல்லையெண்டால் நான் அண்டைக்கே அழிஞ்சு போயிருப்பன் தம்பி" என்றார். தமிழ்ப் பள்ளியின் நடைபாதையில் ஒரு மேசையைப் போட்டு உட்காரத் தொடங்கியது அந்த நன்றிக்காகத்தான் என்றும் சொன்னார். இப்போது மகள் வீட்டோடு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். உங்கள் மின்னஞ்சலை அவருக்கு நான் இன்னும் காட்டவில்லை.

கணினித் துறையில் வேலைக்கு வந்த செயற்குழு உறுப்பினர்களுக்கும் இதே நினைவூட்டல் பொருந்தும். 2000ஆம் ஆண்டின் பச்சை அட்டைத் திட்டத்திலும் 2012க்குப் பிந்தைய நீல அட்டை என்னும் வேலை அனுமதியிலும் வந்தவர்களுக்கு, பெரும்பாலும் நிறுவனமே வீடு பார்த்துக் கொடுத்தது, பதிவு அலுவலகத்துக்கு ஆள் அனுப்பியது. மாணவருக்கு அப்படி ஒருவரும் இல்லை. 2024 செப்டம்பரிலிருந்து முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். நம் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணமும் உண்டு. 2022–23 குளிர்காலப் பருவத்தில் இந்திய மாணவர்கள் சீன மாணவர்களின் எண்ணிக்கையை முந்தி இந்த நாட்டின் மிகப் பெரிய அயல்நாட்டு மாணவர் கூட்டமாக ஆனார்கள். அடுத்த ஆண்டில் 49,000ஐத் தாண்டிவிட்டார்கள். நம் நகரத்திலும் ஒவ்வோர் அக்டோபரிலும் மேசைக்கு முன்னால் வரிசை நீள்வதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். வருகிறவர் கூடும் ஆண்டில் கதவைச் சாத்துகிறோம்.

உங்கள் கவலையில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டிலும் ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலவழி முதுகலைப் படிப்பில் சேர்ந்து, நான்கு தமிழ்ப் பையன்கள் ஒரே வீட்டில் தங்கி, ஊர்ச் சமையலும் ஊர்ப் படமுமாக இரண்டு ஆண்டை ஓட்டிவிட்டு, படிப்பு முடிந்தபின் வேலை தேடக் கிடைக்கும் 18 மாத அனுமதியில்தான் ஜெர்மன் மொழியை முதன்முதலாகத் திறந்து பார்க்கிறார்கள். அந்த நேரம் போதாது. என் முதல் குளிர்காலமும் அப்படித்தான் கழிந்தது. நாலரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில், வகுப்புகளும் இணையவழி ஆகிவிட்ட நாள்களில், ஒரு ஜெர்மானியரோடும் ஐந்து வாக்கியம் பேசாமல் வாரங்கள் போயின. அதில் ஒரு வசதி இருந்தது; அந்த வசதிக்குள் நான் சுருங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுருக்கத்திலிருந்து என்னை வெளியே இழுத்ததும் இந்த மேசைதான். நான் மேலே சொன்ன அக்கா எங்களுக்காக ஒருநாளும் தொலைபேசியில் பேசித் தந்ததில்லை. மருத்துவரிடம் நேரம் வாங்க வேண்டும் என்று போய் நின்றபோது, சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தை மட்டும் ஜெர்மனில் ஒரு தாளில் எழுதி, தமிழ் எழுத்தில் உச்சரிப்பையும் கீழே எழுதி, என் கைப்பேசியை என் கையிலேயே கொடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண் "வீ பிட்டே?" (என்ன சொன்னீர்கள்?) என்றதும் நான் பதறி இணைப்பைத் துண்டித்துவிட்டேன். திரும்பப் போடு என்றார். மூன்றாவது முறையில் எனக்கு நேரம் கிடைத்தது. வாசலைத் தாண்டும்போது, அடுத்த வாரம் நீயே எழுதிக்கொண்டு வா, நான் திருத்துகிறேன் என்றார். 2022 கோடையில் நான் என் முதல் வாடகை ஒப்பந்தத்தைத் தனியாகப் படித்துக் கையெழுத்திட்டேன். பிணைத்தொகை மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்வதை வீட்டுக்காரரிடம் ஜெர்மனில் எடுத்துச் சொல்லவும் முடிந்தது. கைப்பிடித்து நடத்தினால் நடக்கப் பழக மாட்டார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, எனக்கு அந்தத் தாளும் அந்த மூன்று அழைப்புகளும்தான் கண்முன் வந்தன.

பழகுதல் என்பதன் பெரும்பகுதி விதிகளில் இல்லை என்பதும் மேசையில்தான் எனக்குத் தெரிந்தது. ஆய்வகத்தில் பகுதிநேர வேலை பார்த்தபோது என் மேற்பார்வையாளர், நான் இரண்டு வாரம் உழைத்துக் கொடுத்த அளவீட்டைப் பார்த்து, இது தவறு, மீண்டும் செய்யுங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நல்ல சொல் ஒன்றுகூட முன்னும் பின்னும் இல்லை. என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு செய்து, வேலையை விடுவதற்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன். மேசையில் இதைச் சொன்னபோது, அவர் உன் வேலையைச் சொன்னார், உன்னைச் சொல்லவில்லை. உன்மேல் நம்பிக்கை போயிருந்தால் பேசாமல் தானே செய்துகொண்டிருப்பார் என்று விளக்கினார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: புரிந்ததா என்று அவர் கேட்கும்போது நீ தலையை எப்படி ஆட்டுகிறாய்? நாம் ஆமாம் என்பதற்குப் பக்கவாட்டில் சாய்க்கும் தலை இங்கே இல்லை என்றோ, தெரியாது என்றோ தோன்றும். புரியாதபோது மரியாதைக்காகச் சரி என்று சொல்வது அதைவிடப் பெரிய குழப்பம். இங்கே சரி என்றால் வாக்குக் கொடுத்ததாகப் பொருள். மறுநாள் அவரிடம் போய், எனக்கு இரண்டாம் படி புரியவில்லை என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்து அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். என் முதுகலை ஆய்வேட்டுக்கும் பின்னர் அவரே வழிகாட்டியாக இருந்தார்.

இன்னொரு மாணவன், தன் கதவில் வாரம் ஒரு முறை யாரோ ஒரு சிறு பலகையை மாட்டுவதைப் பார்த்து, தவறி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து எதிர்வீட்டுக் கதவில் திரும்ப மாட்டிக்கொண்டே இருந்தான். அது கேர்வோக்கே: இந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கும் முறை உன்னுடையது என்னும் ஸ்வாபியப் பகுதி வழக்கம். நான்கு வாரத்தில் அந்தக் கட்டடத்தில் அவனுக்கு ஒருவரும் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள் என்று அவன் நம்பத் தொடங்கியிருந்தான். இந்த நாட்டில் அப்படியும் நடக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவன் விஷயத்தில் காரணம் அந்தப் பலகை. விளக்கிச் சொன்ன பிறகு எதிர்வீட்டு அம்மையாரிடம் போய் இரண்டு வாக்கியத்தில் மன்னிப்புக் கேட்டான். ஒரு புதியவருக்கு, எது வெறுப்பு, எது வழக்கம் தெரியாததால் வந்த மனக்கசப்பு என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால், இரண்டும் ஒன்றாகவே உறைந்துபோகும். பிறகு அவர் யாரோடும் பழக மாட்டார்.

சிலர் வராமல் போவதையும் மேசைதான் கவனிக்கிறது. வாரந்தோறும் வந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு சனிக்கிழமை வரவில்லை என்று எங்களில் ஒருவர் அவர் அறைக்குப் போய்ப் பார்த்தார். மறுநாள் பல்கலைக்கழக மாணவர் நலப் பணியகத்தின் இலவச மனநல ஆலோசனைக்குக் கூடவே போனார். அதற்குமேல் நான் எழுதக் கூடாது. அந்த மாணவர் இன்று நன்றாக இருக்கிறார்.

மேசையால் சங்கத்துக்கு ஆகும் செலவு தேநீரும் அச்சுத் தாளும் மட்டுமே. தேவாலயச் சமூகக் கூடத்தின் வாடகை எப்படியும் தமிழ்ப் பள்ளிக்காகக் கட்டப்படுகிறது. பொங்கல் விழாவுக்கு நான் எதிரி இல்லை. ஆண்டுதோறும் நாற்காலி போட வருகிறவர்களில் பாதிப் பேர் மேசை வழியாக வந்த மாணவர்களே. ஒத்திகைக்கு அந்த அறைதான் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். மேசை தொடங்கிய நடைபாதை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான்கு நாற்காலி போட அந்த இடம் போதும்.

ஆகவே என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன். சனிக்கிழமை மேசையை மூடும் முடிவை அக்டோபருக்கு முன் திரும்பப் பெற வேண்டும்; அறையோ நடைபாதையோ, வாரம் இரண்டு மணி நேரத்தை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். தொலைபேசி எண்ணை ஆண்டு முழுவதும் நடத்த ஆள் இல்லையென்றால், பருவம் தொடங்கும் அக்டோபர், ஏப்ரல் மாதங்களின் முதல் ஆறு வாரமும், தேர்வு நடக்கும் பிப்ரவரி, ஜூலை மாதங்களிலும் மட்டுமாவது நடத்த அனுமதிக்க வேண்டும். அதற்கான முறைப் பட்டியலைத் தன்னார்வலர்கள் நாங்களே போட்டுத் தருகிறோம். மாணவர்கள் ஜெர்மன் கற்பதில்லை என்ற உங்கள் கவலையை நாங்களும் பகிர்ந்துகொள்வதால், மேசையின் முதல் அரை மணி நேரத்தை ஜெர்மன் பேச்சுப் பயிற்சிக்கு ஒதுக்கவும், தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளை அதில் சேர்க்கவும் ஒப்புதல் தர வேண்டும்: இங்கே பிறந்த அந்தப் பிள்ளைகளிடம் ஜெர்மன் இருக்கிறது, வந்திறங்கும் மாணவர்களிடம் தமிழும் கணக்கும் இருக்கின்றன, இருவருக்கும் மற்றவரிடம் உள்ளது தேவைப்படுகிறது. செயற்குழுவில் வாக்குரிமையோடு இரண்டு மாணவர் இடங்களை உருவாக்க வேண்டும். இவற்றில் எதையேனும் ஏற்க இயலாது என்றால், அதைச் செயற்குழுவே முடிவு செய்துவிடாமல் பொதுக்குழுவைக் கூட்டி வாக்கெடுப்புக்கு விட வேண்டும்.

செப்டம்பர் நடுவிலேயே முதல் மாணவர்கள் வந்து இறங்கத் தொடங்குவார்கள். எனவே செப்டம்பர் 10ஆம் தேதிக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். மேசையின் மற்றத் தன்னார்வலர்களின் கையொப்பங்கள், சங்க முகவரிக்கு அஞ்சலில் அனுப்பியுள்ள படியோடு இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
சனிக்கிழமை மேசையின் தன்னார்வலர்களுள் ஒருவன்